கூழ் ஊத்துற வரைக்கும்

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தன் குடிய விடணும்னா மொதல்ல பூசாரிகிட்டதான் போவான். டாக்டரெல்லாம் அதுக்கப்புறம்தான். பாகூர் ஏரிக்கு அந்தாண்ட எந்த ஊருக்கு வேணா போய்ப் பாருங்க, ஆம்பளைங்கள்ல பத்துக்கு ரெண்டு பேரு வலது கையில செவப்புக் கயிறு கட்டியிருப்பான். ஏதோ ஸ்டைலுக்குக் கட்டியிருக்கான்னு நெனச்சிக்காதீங்க. அம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணிட்டு, குடிக்க மாட்டேன்னு கட்டிக்கினு வந்த கயிறு அது. அத கட்டியிருக்கிறவன எவனும் கடைக்குக் கூப்புட மாட்டான். குடிகாரனுங்ககூட, “அவன் கயிறு கட்டியிருக்கான்டா, வுடு”ன்னு ஒதுங்கிப் போயிடுவாங்க. அந்த மரியாத உண்டு.

ஆனா கட்டும்போது பூசாரி ஒரு கேள்வி கேப்பாரு. “எது வரைக்கும்பா?” இவனும் சொல்லுவான். மாசி மகம் வரைக்கும். தங்கச்சி கல்யாணம் முடியற வரைக்கும். புள்ள பரீட்ச எழுதற வரைக்கும். சாவுற வரைக்கும்னு எவனும் சொன்னதில்ல. சொல்லிட்டு மீறுனா அம்மா கண்ணப் புடுங்கிடுவா, ரத்தம் கக்க வச்சிடுவான்னு பயம். அதனால கெடு வச்சித்தான் கட்டுவாங்க. கெடு முடிஞ்சா கோயிலுக்கே வந்து கயித்த அவுத்து அம்மா காலடியில வச்சிட்டுப் போவணும். இந்தக் கெடு வக்கிற பழக்கத்த எந்தப் புண்ணியவான் கண்டுபுடிச்சானோ, அவன் வம்சம் நாசமாப் போவ. வயிறு எரிஞ்சி சொல்றேன்.

என் வூட்டுக்காரரு டிராக்டர் ஓட்டறவரு. சொந்த வண்டி இல்ல, ஊருல பெரிய நெலம் வச்சிருக்கிறவரோட வண்டி. நடவுக்கு முன்னாடி சேத்துல உழவு ஓட்டறதுக்கும், வெட்டுன கரும்ப ஏத்திக்கினு போறதுக்கும் இவரத்தான் தேடுவாங்க. வரப்புல ஒரு புல்லு நசுங்காம வண்டிய திருப்புவாரு, அவ்ளோ சுத்தமான கை. அந்தக் கையிதான் அப்புறம் டம்ளர்ல தண்ணி மோந்தா பாதி தரையில போச்சி. குடி எப்போ ஆரம்பிச்சிதுன்னு கேட்டா எனக்கே தெரியாது. ஒடம்பு வலிக்கிதுன்னுதான் ஆரம்பிச்சாரு. எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான் சொல்றாங்க. கரையாம்புத்தூர் பக்கம் உழவு ஓட்டப் போனா அங்க எல்லையில சாராயக் கட, வெல கம்மின்னு தமிழ்நாட்டுலேருந்து குடிக்கிறதுக்குன்னே பைக் போட்டுக்கினு வருவானுங்க. எங்களுக்கு அந்தச் செரமமும் கெடையாது. எங்க வூட்டுக்கும் எங்க ஊருக் கடைக்கும் நடுவுல ஒரே ஒரு கரும்புக் கொல்லதான்.

ஒரு நாள் மத்தியானம், மாட்டுக்குத் தவிடு எடுக்கக் கொட்டாய்க்குப் போறேன், இவரு அங்க குந்திக்கினு குடிச்சிக்கினு இருக்காரு. என்னப் பாக்கல. நான் நின்னு பாத்தேன். ஒவ்வொரு முழுங்குக்கும் மூஞ்சி சுருங்குது, கண்ணுல தண்ணி நிக்கிது, பேதி மருந்து குடிக்கிற கொழந்த மாதிரி முழுங்கறாரு. எனக்கு வந்திச்சி பாருங்க கோவம்!

“யோவ், புடிக்கலன்னா இன்னாத்துக்குயா அந்த எழவ ஊத்திக்கிற?”

“புடிக்கலதான்டி.”

“அப்புறம்?”

“வேணும்டி. புடிக்கல, ஆனா வேணும். இன்னான்னு சொல்லுவேன் உனக்கு?” சொல்லிட்டு அழுதாரு.

பக்கத்துல கெடந்த தொடப்பக்கட்டயாலயே நாலு போட்டேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு, இதுல அழுக வேற. நடிக்கிறாருன்னுதான் நெனச்சேன். புடிக்காதத ஒருத்தன் தேடிப் போவானா? எனக்குப் பாவக்கா புடிக்காது. நான் பாவக்காயத் தேடிக்கினு எல்ல வரைக்கும் போறேனா? அன்னிக்கு அப்படித்தான் கத்தினேன்.

அப்புறம் ஒரு மார்கழியில அவரு கண்ணு மஞ்சளாயிடிச்சி. காலு ரெண்டும் வீங்கிடிச்சி. கீழாநெல்லி அரைச்சிக் குடுத்துப் பாத்தேன், அடங்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி சேத்தேன். அங்க குடிய விட வைக்கிறதுக்குன்னே ஒரு வார்டு இருக்குது. அதுல ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. மூஞ்சப் பாத்தா காலேஜ் பொண்ணு மாதிரி இருப்பாங்க, ஆனா பேச்சுல நெதானம். என்னத் தனியா கூப்புட்டு ஒக்கார வச்சாங்க.

“அம்மா, ஈரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. இப்ப நிறுத்தினா மிச்சம் இருக்குறத வச்சி ஓட்டலாம். திரும்ப ஆரம்பிச்சா எங்க கையில எதுவும் இல்ல. ஒளிக்காம சொல்லிட்டேன், கோச்சிக்காதீங்க.”

கோச்சிக்கறதுக்கு எனக்கு எங்க தெம்பு? தலைய ஆட்டிட்டு வந்து அவரு கட்டில் பக்கத்துல நின்னேன். அவரு தூங்கிக்கினு இருந்தாரு. எனக்கு இந்த ஆள விட்டா வேற யாரு? அப்பன் ஆத்தா போயிட்டாங்க. எம்பொண்ணு அப்போ ஆறாவது படிச்சிக்கினு இருந்தா. இந்தாளு செத்துடக் கூடாது. அவ்ளோதான் எனக்கு வேண்டியது. நல்லவனா ஆவணும், சம்பாதிக்கணும்னெல்லாம் நான் கேக்கல. உசுரோட இருந்தாப் போதும்.

தையில வூட்டுக்கு வந்தாரு. வந்த வாரமே கோயிலுக்கு இட்டுக்கினு போனேன். குளிச்சி, ஈர வேட்டியோட நின்னாரு. பூசாரி கற்பூரம் ஏத்துனாரு. “எது வரைக்கும்பா?”

இவரு என்னப் பாத்தாரு, அப்புறம் அம்மனப் பாத்தாரு. “ஆடியில கூழ் ஊத்துற வரைக்கும்.”

“ஏங்க, அடுத்த வருசம் கூழ் ஊத்துற வரைக்கும்னு சொல்லுங்களேன்”னு இடுப்புல இடிச்சேன். பூசாரி என்ன அதட்டிட்டாரு. “நீ சும்மா இரும்மா. அவன் வாயால வரணும். நீ சொல்லி அவன் கட்டுனா அது நிக்காது.” சரி, ஆடி வரைக்கும் நிறுத்திட்டா அதுக்கப்புறம் குடிக்கிற நெனப்பே போயிடும்னு மனசத் தேத்திக்கினேன். ஊருல எல்லா பொம்பளைங்களும் அப்படித்தான் தேத்திக்கிறாங்க. கயித்த கட்டியாச்சி.

அதுக்கப்புறம் வந்த மாசங்கள இன்னான்னு சொல்லுவேன்! குடிக்கல, சத்தியமா குடிக்கல. ஆனா வூட்டுல ஒரு ஆளு இருக்கிற மாதிரியே இல்ல. சோறு போட்டா சாப்புடுவாரு. உப்பு போட மறந்துட்டாக்கூடத் தெரியாது. டிவிய போட்டா பாப்பாரு, நிறுத்துனா நிறுத்துன டிவியவே பாத்துக்கினு ஒக்காந்திருப்பாரு. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில மொதப் பரிசு வாங்கி, பதக்கத்த கழுத்துல மாட்டிக்கினே ஓடி வந்தா. இவரு கரண்ட் பில்லப் பாக்குற மாதிரி அதப் பாத்துட்டு, “ம்”ன்னாரு. அவ உள்ள போயி பதக்கத்த கழட்டி பைக்குள்ள போட்டுட்டா. எனக்கு அவரக் கடிச்சிக் கொதறலாம் போல இருந்திச்சி.

வேலைக்குப் போனாரு, வந்தாரு. கடப் பக்கம் போவக் கூடாதுன்னு கரும்புக் கொல்ல வழிய விட்டுட்டு ஏரிக்கரைய சுத்திக்கினு வருவாரு. அந்த அளவுக்குச் சுத்தம். ராவும் பகலும் அம்மனக் கும்புட்டேன். ஆத்தா, இந்தாளு மூஞ்சில ஒரு சிரிப்பக் காட்டுன்னு. கேக்கக் கூடாதத கேட்டுட்டேன்னு அப்போ எனக்கெங்க தெரியும்.

ஆனி மாசம் பொறந்திச்சி. ஒரு காலையில வூட்டுக்குப் பின்னால மோட்டார் கொட்டாயில மாட்டக் கழுவிக்கினு இருந்தவரு பாட ஆரம்பிச்சாரு. ஏதோ பழைய சினிமாப் பாட்டு, பாதி வரி தெரியும், மீதிக்கு லாலா போட்டுக்குவாரு. கல்யாணமான புதுசுல பாடுனது, அதுக்கப்புறம் நான் அத கேட்டதேயில்ல. அடுப்புல பால் பொங்கி வழியிது, நான் நின்னு கேட்டுக்கினே இருந்தேன்.

அன்னிலேருந்து ஆளே மாறிட்டாரு. குளிக்கிற ரூம் கதவுக்கு வருசக்கணக்கா தாப்பா இல்ல, நாங்க ஒரு கல்ல முட்டு குடுத்துக்கினு குளிப்போம். ஒரு ஞாயித்துக்கெழம ஒக்காந்து தாப்பா போட்டுட்டாரு. பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தாரு. தப்பாத்தான் சொல்லிக் குடுத்தாரு, அவ வெளிய காட்டிக்கல. பூரணாங்குப்பம் கடக்கரைக்கு எங்க ரெண்டு பேரையும் வண்டியில ஒக்கார வச்சி இட்டுக்கினு போனாரு. அலையில நின்னுக்கினு பொண்ணு மேல தண்ணிய அடிக்கிறாரு, அவ கத்துறா, இவரு சிரிக்கிறாரு. வரும்போது படகுலேருந்து எறங்குன சங்கரா மீனு வாங்கியாந்தாரு. எனக்கு மல்லிப்பூ. பத்து வருசத்துல கேட்டுக்கூட வாங்கித் தராத மனுசன், கேக்காம வாங்கியாந்தாரு. “வச்சிக்கடி, சும்மா மொறைக்காத”ன்னு தலையில அவரே வச்சி விட்டாரு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நான் வாழ்ந்தது அந்த ஒரு மாசந்தான். அதுக்கு முன்ன இல்ல, அதுக்குப் பின்னயும் இல்ல.

கோயில் வேலைக்கும் அவராவே போனாரு. பந்தலுக்குக் கழி நட்டாரு, தோரணத்துக்கு வேப்பந்தழ ஒடைச்சாந்தாரு. வூட்டுக்கு வந்ததும் வராததுமா, “இன்னாடி, கேவுரு அரைக்கக் குடுத்தியா?”ம்பாரு. எங்க ஊருல அவங்கவங்க வூட்டுல கேவுரு அரைச்சிக் கூழ் காச்சி, கொடத்துல எடுத்துக்கினு போயி கோயில் அண்டாவுல ஊத்துவோம். ஆம்பளைங்க அதப்பத்தி வாயத் தொறக்கவே மாட்டாங்க. இவரு தெனமும் கேட்டாரு. “ஊற வச்சியா? வெயில் நல்லா அடிக்குது, காய வச்சிடு.” பக்தி முத்திடிச்சின்னு நெனச்சிப் பூரிச்சிப் போனேன். பக்கத்து வூட்டு அக்கா மட்டும், “எலி அம்மணமா ஓடுதேடி, இன்னா விசயம்?”னு கிண்டல் பண்ணுச்சி. “உன் கண்ணுல கொள்ளிய வைக்க”ன்னு சொல்லிட்டு, சாயங்காலமே உப்பு மொளகாய எடுத்து அவருக்குச் சுத்திப் போட்டேன். அடுப்புல போட்டா நெடி வரல. பாத்தியா, எவ்ளோ கண்ணு பட்டிருக்குன்னு பொண்ணுகிட்ட சொன்னேன்.

கூழ் ஊத்துற நாளும் வந்திச்சி. காலையிலயே குளிச்சி வெள்ள வேட்டி கட்டிட்டாரு. நான் கொடத்த தலையில வச்சிக்கினு முன்னால போறேன், அவரு பொண்ணு கையப் புடிச்சிக்கினு பின்னால வராரு. மோளம் அடிக்குது. அண்டாவுல கூழ ஊத்திட்டு, அம்மன் முன்னால நின்னோம். பூசாரி கயித்த அறுக்கல, முடிச்ச மெல்ல அவுத்தாரு, தட்டுல வாங்கி அம்மா காலடியில வச்சாரு. “நல்லபடியா முடிச்சிட்டப்பா, அம்மா கொற இல்லாம வச்சிருப்பா.” இவரு நெடுஞ்சாங்கெடையா வுழுந்து கும்புட்டாரு. எழுந்ததும் திரும்பக் கட்டிக்குவாருன்னு நான் புதுக் கயிறு ஒன்னு வாங்கி முந்தானையில முடிஞ்சி தயாரா வச்சிருந்தேன்.

எழுந்தாரு. வெங்காயத்தக் கடிச்சிக்கினு ஒரு சொம்பு கூழ் குடிச்சாரு. கருவாட்டுக் கொழம்ப நல்லாருக்குதுன்னாரு. சொம்ப பொண்ணு கையில குடுத்துட்டு, “புடிம்மா, இதோ வந்துட்றேன்”ன்னாரு. அவரு மூஞ்சி அந்த நேரத்துல எப்படி இருந்திச்சி தெரியுமா? பொண்ணு பாக்கப் போற மாப்புள மாதிரி இருந்திச்சி. ஏரிக்கரைய சுத்திக்கினு போவல. நேரா கரும்புக் கொல்ல வழியா நடந்தாரு.

நான் முந்தானைய அவுத்துக்கினே நிக்கிறேன்.

பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரு கைத்தாங்கலா கொண்டாந்து போட்டாங்க. அவர் மூஞ்சியப் பாத்தேன். பாட்டும் இல்ல சிரிப்பும் இல்ல, காலையில இருந்த அந்த மாப்புளயே இல்ல. என் முந்தானையப் புடிச்சிக்கினு, “நல்லால்லடி... நல்லாவே இல்லடி”ன்னு ஒரே அழுக. மறுநாளும் போனாரு. அதுக்கு மறுநாளும் போனாரு. நல்லால்லாததுக்குத்தான் போனாரு. வெண்ண தெரண்டு வர நேரத்துல தாழி ஒடஞ்சிதுன்னு சொல்லுவாங்களே, என் வூட்டுல வெண்ணயே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சிது.

ஆவணி பொறக்கறதுக்குள்ள ரத்தமா வாந்தி எடுத்தாரு. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. எப்படியோ போராடி உசுர நிறுத்திட்டாங்க. அவங்களுக்குக் கோயில் கட்டணும். கொஞ்சம் தேறுனதும் நான் அவங்ககிட்டப் போயி கொட்டித் தீத்தேன். “எப்படி டாக்டர் இது? குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் எவ்ளோ சந்தோசமா இருந்தாரு தெரியுமா? பாட்டு பாடுனாரு, பூ வாங்கியாந்தாரு. அவ்ளோ சந்தோசமா இருந்தவரு ஏன் டாக்டர் குடிக்கப் போனாரு?”

அந்த டாக்டர் பொண்ணு பேனாவ மூடி வச்சிட்டு என்னையே பாத்தாங்க. “அந்த சந்தோசம் எப்ப ஆரம்பிச்சிதும்மா?”

“ஆனியில.”

“கயிறு அவுக்குறது?”

“ஆடியில.”

சொல்லும்போதே எனக்குள்ள ஏதோ சறுக்குச்சி. அவங்க சொன்னாங்க. மூளையில ஒரு எடம் இருக்குதாம். நல்லது கெடச்சா, இது நல்லாருக்கு, திரும்ப வேணும்னு சொல்ற எடம். பசிக்கும்போது சோறு, அழுவுற புள்ள சிரிக்கிறது, எல்லாத்துக்கும் அதுதான் துள்ளும். அது துள்ளும்போது டோபமின்னு ஒன்னு சொரக்குமாம். “இதுல ஒரு விசயம் இருக்கும்மா. பந்தியில ஒக்காந்திருக்கீங்க. எலை போட்டாச்சி, சாம்பார் வாளி தூரத்துல வருது. அப்ப மனசு பறக்குது இல்ல? சாப்புடும்போது அவ்ளோ இருக்காது. கெடைக்கும்போது சொரக்கறதவிட, வரப்போவுதுன்னு தெரியும்போதுதான் அது அதிகமா சொரக்கும்.”

குடி இருக்குதே, அது சோறு மாதிரி, புள்ள மாதிரி இல்லையாம். அந்த எடத்த அளவுக்கு மீறிக் கொடைஞ்சி, கொடைஞ்சி, கடைசியில அது வேற எதுக்கும் துள்ளாமப் போயிடுமாம். அதான் தையிலேருந்து ஆனி வரைக்கும் பொணம் மாதிரி இருந்தது. பதக்கமும் ஒன்னுதான், கரண்ட் பில்லும் ஒன்னுதான். குடிச்சாலும் முன்ன மாதிரி நல்லாருக்காது. ஆனா வேணும்ங்கறது மட்டும் போவாதாம். புடிக்கிறது வேற எடம், வேணும்ங்கறது வேற எடம்னு அந்தப் பொண்ணு சொன்னப்போ, மாட்டுக் கொட்டாயில நான் தொடப்பத்தால அடிச்சது என் முதுகுல சுளீர்னுது. அன்னிக்கு அந்த மனுசன் உண்மையத்தான் சொல்லியிருக்காரு.

“அப்போ அந்த ஒரு மாசம்?”னேன்.

“நாள் கிட்ட வந்துடிச்சி இல்லம்மா. மூளைக்குத் தெரிஞ்சிடிச்சி.”

“பூ வாங்கியாந்தாரே டாக்டர்.”

அவங்க என் கையப் புடிச்சாங்க. “அவர் நடிக்கலம்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது. உள்ள அது எரிய ஆரம்பிச்சா வெளிச்சம் எல்லாப் பக்கமும்தான் விழும். பூ பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்.”

நல்ல பொண்ணு. சமாதானமாத்தான் சொன்னாங்க. ஆனா நான் வெளிய வந்து அந்த வராண்டாவுல ஒக்காந்து அழுத அழுக இருக்குதே! அடப் பாவி மூளையே. கடலு, சங்கரா மீனு, தாப்பா, மல்லிப்பூ, எம்பொண்ணோட சிரிப்பு, எல்லாம் கரும்புக் கொல்லைக்கு அந்தாண்ட இருக்கிற அந்தக் கடையோட வெளிச்சமா? நான் வாழ்ந்த ஒரே ஒரு மாசம் எனக்கில்லையா? புருசன் வேறொருத்திய நெனச்சிக்கினு நம்மளக் கொஞ்சுனா எப்படி இருக்கும்? ஒருத்தியா இருந்தாலாவது போயி மயிரப் புடிச்சி ரெண்டு அறை அறையலாம். மூளையில இருக்கிற எடத்த எங்கன்னு போயி அறையறது?

வூட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்னு சொன்னாங்க. “கயிறு கட்டுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நாள் மட்டும் குறிக்காதீங்க. இன்னிக்குக் குடிக்கல, அவ்ளோதான். நாள் குறிச்சா அது அந்த நாளப் பாத்துக்கினே ஒக்காந்திருக்கும். நாள் எதுவும் இல்லாம ரொம்ப மாசம் ஓட்டுனா, சில பேருக்கு அந்த எடம் மெல்ல ஆறும். சோறு ருசிக்கும், புள்ள மேல ஆச வரும்.” அப்புறம் அவங்க கொரல் எறங்கிடிச்சி. “இனி ஒரு தடவ இப்படி ஆனா நிறுத்த முடியாதும்மா.”

பூசாரிகிட்டப் போனேன். கெடு இல்லாம கட்ட மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. “அவன் தவறிட்டா அம்மா சும்மா வுட மாட்டா. பாவம் எனக்கும் சேரும்மா.” நான் கோயில்ல நின்னு கத்தினேன். “அம்மா வுடறாளோ வுடலையோ, ஈரல் வுடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீ கட்டுறியா, நான் கட்டட்டுமா?” முந்தானையில முடிஞ்சி வச்சிருந்த அதே கயித்த எடுத்துக் குடுத்தேன். வாங்கிக் கட்டுனாரு. எது வரைக்கும்னு கேக்கல. என் வூட்டுக்காரரு கட்டுற கையப் பாத்துக்கினே நின்னாரு.

அதுக்கப்புறம் அவரு குடிக்கல. டிராக்டர் போச்சி, நடுங்குற கையில யாரு வண்டி குடுப்பாங்க? மாட்ட ஓட்டிக்கினு போறாரு, வராரு. சாப்புடறாரு. தூங்குறாரு. ஊருல எல்லாரும், “பரவால்லியே, திருந்திட்டாரு”ங்கறாங்க. நான் மட்டும் தெனம் அவர் மூஞ்சியப் பாக்குறேன். மத்த பொம்பளைங்க புருசன் மூஞ்சில எங்க வாட்டம் தெரியுதோன்னு பாப்பாங்க. நான், எங்க தெளிஞ்சிடுமோன்னு பாக்குறேன். வாடிப்போயி ஒக்காந்திருந்தாருன்னா, அப்பாடா, இன்னிக்கு உசுரோட இருக்காருன்னு அடுப்பு பத்த வைப்பேன். இப்படி ஒரு பொழப்பு எந்தப் பொம்பளைக்கும் வரக் கூடாது.

எம்பொண்ணு அவர சிரிக்க வைக்கணும்னு ஒரே மொரண்டு. டீச்சர் மாதிரி பேசிக் காட்டுவா, பக்கத்து வூட்டு அக்கா மாதிரி நடந்து காட்டுவா. அவரு அவளையே பாப்பாரு. ஒருவாட்டி நான் அவள அதட்டிட்டேன். “சும்மா கெடடி, அவர வுடு.” அவ என்னப் பாத்த பார்வ இருக்குதே. “ஏம்மா, அப்பா சிரிச்சா உனக்குப் புடிக்கலியா?” உங்கப்பன் சிரிச்சா செத்துடுவாருடின்னு ஏழாவது படிக்கிற புள்ளகிட்ட எப்படிச் சொல்றது? டாக்டரம்மா சொன்ன ஆறுற விசயத்தையும் மனசுல வச்சிருக்கேன். ஒருவேள ஒருநாள் நெசமாவே சிரிக்கலாம். அது எந்தச் சிரிப்புன்னு நான் எத வச்சிக் கண்டுபுடிப்பேன்? ரெண்டும் ஒரே மூஞ்சிதான், ஒரே பல்லுதான்.

இப்போ ஆனி பொறந்து கொஞ்ச நாளாச்சி. போன வாரம் காலையில நான் இட்லிக்கு மாவு ஊத்திக்கினு இருக்கேன். பொண்ணு வெளியேருந்து ஓடி வரா, மூஞ்சியெல்லாம் பல்லு.

“எம்மா! அப்பா பாடுறாரும்மா!”

கரண்டி கையிலேருந்து வுழுந்திச்சி. வெளிய வந்தேன். மோட்டார் கொட்டாயில மாட்டக் கழுவிக்கினு இருக்காரு. அதே பாட்டு. பாதி வரி, மீதி லாலா. நான் மொதல்ல கையப் பாத்தேன். கயிறு இருந்திச்சி, வெளுத்துப் போயி, ஆனா முடிச்சு கெட்டியா. கெடு இல்லாத கயிறு. நாள் குறிக்கல. அப்போ எந்த நாள நெனச்சிப் பாடுறாரு? ஒருவேள ஆறிடிச்சோ? ஒருவேள சோறு ருசிக்கிதோ? பொண்ணு என் கையப் புடிச்சிக் குலுக்கறா. “பாரும்மா, பாரு!” அவளுக்காவது இது நெசமா இருக்கட்டும் ஆத்தான்னு நெஞ்சுல கைய வச்சிக்கினேன். ஒரு நிமிசம், சத்தியமா, எனக்கும் சந்தோசமா இருந்திச்சி.

அவரு திரும்பிப் பாத்தாரு. மூஞ்சி பளிச்சுன்னு இருக்குது. என்னப் பாத்து சிரிச்சாரு.

“இன்னாடி நிக்கிற? கேவுரு அரைக்கக் குடுத்தியா?”

மாட்டு மேல ஊத்துன தண்ணி என் கால் வரைக்கும் ஓடியாந்திச்சி. அந்த அம்மாவுக்கு நான் கூழ் ஊத்தாத வருசம் கெடையாது, கைப்புள்ளைய இடுப்புல வச்சிக்கினு ஊத்தியிருக்கேன். பொண்ணு எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்குறா.

“இந்த வருசம் நம்ம வூட்டுல கூழ் ஊத்தல”ன்னேன்.

பாட்டு நின்னு போச்சி. எம்பொண்ணு என் கைய வுட்டுட்டா.